நாலு விரல் பேயும் எங்கள் திடலும்

பேய் நாவல்களில் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. சென்னையிலிருந்து காரில் வரும் கதாநாயகனை வழிமறித்து, "தம்பி, பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்பவருக்குப் பெரும்பாலும் ஒரு கண் பழுதாக இருக்கும். தோளில் அழுக்குத் துண்டு கிடக்கும். சொல்லி முடித்ததும் அவர் கதையிலிருந்து போய்விடுவார். எங்கே போனார், என்ன சாப்பிட்டார், அந்தப் பக்கத்திலேயே அவருக்கு நடவு வேலை இருந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் எழுதியவருக்குக் கவலையில்லை. கதாநாயகன் சொன்னதைக் கேட்காமல் போவான். போனால்தானே மீதி இருநூறு பக்கம்.

இந்த மாதிரி நாவல்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். விரும்பித்தான் படித்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உயர்ந்த இலக்கியம் என்று சொல்லப்படும் புத்தகங்கள் நூலகர் அம்மாவின் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால், நாளிதழ் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்களைத் தாண்டி, அம்மாவை நாற்காலியை நகர்த்தச் சொல்லி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். சட்டையை உதறினால் நெல் சுணை பறக்கும். அந்த நாற்காலியை நகர்த்தச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. பேய்களும் மந்திரவாதிகளும் வாசலை ஒட்டிய அலமாரியில் இருந்தார்கள். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். என் படிப்பு இப்படி அமைந்துபோனது.

நூலகர் அம்மா குத்தாலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒருமுறை கேட்டார். "ஒவ்வொரு தடவையும் திருப்பிக் குடுக்கும்போது மொகத்தை இப்படிச் சுளிக்கிறீங்களே அண்ணே, அப்புறம் ஏன் அதையே எடுத்துட்டுப் போறீங்க?"

"சும்மாதாம்மா" என்றேன்.

அரசர்களும் மந்திரவாதிகளும் வரும் வகைக்கு இப்போது மிகுபுனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஐந்து பாகம், செங்கல் கனம். முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கும். நாட்டின் பெயரை மாற்றியிருப்பார்கள், ஆற்றின் பெயரை மாற்றியிருப்பார்கள், ஆனாலும் அது எங்கள் ஆறுதான் என்று தெரியும். கரையோரமாக ஐப்பசி மாதத்தில் பத்தாயிரம் குதிரைகள் புழுதி பறக்கப் போகும். ஐப்பசியில் இங்கே ஏது புழுதி? போகட்டும், மந்திரத்தில் பறந்ததாக வைத்துக்கொள்ளலாம். யாளி பேசும்போது புழுதி பறக்கக்கூடாதா? எனக்கு உறுத்துவது வேறு. அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள். விருந்து நாலு பக்கத்துக்கு வருகிறது. அந்த நெல்லை விளைவித்தவன் ஐந்து பாகத்திலும் இல்லை. உழவன் என்று ஒருவன் ஓரிடத்தில் வந்தான். ஆசையோடு படித்தேன். அடுத்த பக்கத்தில் அவன் தலைப்பாகையைக் கழற்றினான். மாறுவேடத்தில் வந்த இளவரசன்.

எல்லாமே குப்பை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒரு மிகுபுனைவில், ஆறு வற்றிப்போன ஊரிலிருந்து ஒரு சிறுமி ஆற்றைத் தேடி மேலே மேலே போகிறாள். ஒவ்வொரு அணையிலும் ஒரு பூதம் உட்கார்ந்துகொண்டு, தண்ணீருக்குப் பதிலாக அவளிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கிறது. கடைசிப் பூதம் கேட்கும்போது கொடுக்க அவளிடம் எதுவும் மீதி இல்லை. அதைப் படித்துவிட்டு அடுக்கிய மூட்டைகளின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே நின்ற லோடுமேன் ஒருவன், "என்னாண்ணே, எறங்க மாட்டீங்களா? பேயி கீயி புடிச்சிருச்சா? ஓட்டுறதுக்கு நாகூர் தர்காவுக்கு வண்டி சொல்லட்டா?" என்று கத்தினான். பேய்க் கதையிலும் ஒன்று உண்டு. மனைவி செத்துப்போன ஒருவர் வீட்டில் விடிகாலையில் அடுப்பங்கரையில் அரிசி அளக்கும் சத்தம் கேட்கிறது. அவர் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். மாதாமாதம் அரிசி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். கதை அவ்வளவுதான். எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்த புத்தகம் அது ஒன்றுதான்.

மற்றவை மேல் எனக்குள்ள கோபம் வெறும் வாசகனின் கோபமாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு நாவல் எங்கள் தெருவுக்குள் வந்து எங்கள் குடியைக் கெடுத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு வாய்க்கால் கரையில் இருந்தது. புறம்போக்கு. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் பண்ணையின் வயல், நடுவில் நாங்கள். வடகிழக்கு மழை பிடித்தால் முதலில் அக்கா வீட்டுக்குள்தான் தண்ணீர் நுழையும். அவள் வீடுதான் தாழ்வான கடைசி வீடு. ஒவ்வொரு வருஷமும் அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பாள். பிறகு கட்டிலையும் தூக்க வேண்டிவரும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அக்கா வேறு எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. தண்ணீர் ஏறாத மூணு சென்ட் மேடு வேண்டும், தெருவோடு சேர்ந்து அங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

மேடு இருந்தது. தெருவுக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் ஒரு திடல், நடுவில் ஒரு பெரிய இலுப்பை மரம். நில உச்சவரம்பில் உபரி என்று சர்க்கார் அதை எப்போதோ எடுத்துவிட்டது. பண்ணை வழக்குப் போட்டது, தோற்றது, தோற்ற பிறகும் அனுபவித்துக்கொண்டுதான் இருந்தது. என் அப்பா காலத்திலேயே அந்தத் திடலில் கொடி நட்டார்கள். நட்டவர்களைத் தேடிப் போலீஸ் வண்டி வந்தது. அந்த வருஷம் வேலை நிறுத்தம், வீட்டில் அடுப்பு எரியவில்லை, என் பள்ளிக்கூடமும் நின்றது. பயம் என்றால் எனக்கு அந்த வண்டியின் விளக்கு வெளிச்சம்தான். எந்த நாவலாசிரியரும் அதற்கு ஈடாக ஒன்றை இன்னும் எழுதவில்லை.

பிறகு ஆட்சிகள் மாறி மாறி வந்தன. இலவச மனைப் பட்டா என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும், போகும். ஒருவழியாக, வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையில் இருக்கும் வீடுகளை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அந்தத் திடலை எங்கள் தெருவுக்கே கொடுப்பது என்று முடிவானது. தாசில்தார் ஆபீசில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அறுப்பு முடிந்ததும் தாசில்தார் வந்து பார்ப்பார். அப்போது யார் யார் திடலில் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பட்டா. இல்லாவிட்டால் திடலை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். வேறு காரியம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பண்ணை அங்கே தென்னை வைக்கக் குழி எடுக்கத் தயாராக இருந்தது.

பண்ணைக்கு ஒரு காரியக்காரர் இருந்தார். வரவு செலவு, வேலையாட்களை மேய்ப்பது, கோர்ட்டுக்கு அலைவது எல்லாம் அவர்தான். மொபெட்டில் வருவார், யாரிடமும் சத்தம் போட மாட்டார். அவரும் நூலகத்தில் உறுப்பினர். அவரும் வாசலோர அலமாரிதான், ஆனால் கூச்சத்தால் அல்ல.

தெருவில் பேச்சு கிளம்பியது தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். திடலில் பண்ணை எப்போதோ கட்டிய மோட்டார் கொட்டகை ஒன்று உண்டு. அதன் கதவில் காலையில் சேற்றுக் கை பதிந்திருந்ததாம். ஈரம் காயாத கை. நாலு விரல்தான் இருந்ததாம். காரியக்காரர் எங்கள் தெரு டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வருத்தப்பட்டு, தணிந்த குரலில் சொன்னாராம். "எங்க பெரிய ஐயா காலத்துல நடவுக்கு வந்த பொம்பளை ஒருத்தி. கூலித் தகராறு. என்ன ஆனாளோ. இலுப்பை மரத்துல இருக்கான்னு அந்தக் காலத்துலயே சொல்லுவாங்க. நான் நம்புறதில்ல. ஆனா புள்ளகுட்டிக்காரங்க, நீங்க பாத்து நடந்துக்கங்க. வேணும்னா கோரைப்பள்ளத்துல நானே பேசி எடம் வாங்கித் தரேன்."

கோரைப்பள்ளம் எப்படிப்பட்ட இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் இருந்த கரையைவிடத் தாழ்வு.

அக்கா சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. அவள் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு எங்கோ கேட்டது போல இருந்தது. நாலு விரல் என்றதும் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் படித்த நாவல். அட்டையில் சேறு வழியும் கை. காரியக்காரர் திருப்பிக் கொடுத்ததும் நூலகர் அம்மா அதை அலமாரியில் வைக்கக்கூட இல்லை, என் கையிலேயே கொடுத்தார். "இப்பதான் அந்த மொபெட் சார் குடுத்துட்டுப் போனாரு, சூடா இருக்கு, புடிங்க" என்றார். காரியக்காரர் அதில் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். நாவலில் புளிய மரம். எங்கள் திடலில் புளிய மரம் இல்லை.

அந்த நாவலின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். காவிரிக் கரையில் ஒரு ஊர். நடவுக்கு வந்த ஒருத்தி அளக்க வேண்டிய கூலி நெல்லை முழுதாக அளக்கச் சொல்லிக் கேட்கிறாள். பண்ணை அவள் விரலை வெட்டி, அவளைச் சேற்றிலேயே மிதித்துப் புதைத்துவிடுகிறார். அவள் பேயாகிறாள். யார் வீட்டுக் கதவில் நாலு விரல் சேற்றுக் கை பதிகிறதோ அந்த வீட்டில் சாவு. சரி, பண்ணை வீட்டுக் கதவில் பதியும் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதல் நூறு பக்கத்தில் கூலித் தெருவில் வரிசையாகச் சாகிறார்கள். கதாநாயகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேருவதற்குள் வாசகனைப் பயமுறுத்தியாக வேண்டும், அதற்கு எங்கள் ஆட்கள். கதாநாயகன் யார் என்றால் பண்ணையின் பேரன். புதுப் பெண்டாட்டியோடு வருகிறான். கடைசியில் ஒரு மந்திரவாதி செப்பு ஆணியைப் புளிய மரத்தில் அடிக்கிறார், பேய் அலறிக்கொண்டு அடங்குகிறது, பேரனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டு சூரிய உதயத்தைப் பார்க்கிறார்கள். கூலி கேட்டவளை இரண்டாவது தடவையும் கொன்று அதற்குச் சுபம் என்று பெயர் வைத்த புத்தகம். படித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அட்டையில் வேறு, 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

இதை நான் தெருவில் நின்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் என் நாக்கு உள்ளே போய்விடும். அதனால் நூலகத்திலிருந்து புத்தகத்தை மறுபடி எடுத்துவந்து மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். கரை வேட்டி, கட்சிக்காரர், வட்டாரத்தில் எங்கே தெருமுனைக் கூட்டம் நடந்தாலும் முன்னால் நின்று பேசுகிறவர். பேய் பிசாசு இல்லை என்பதை அவர் பேசிப் பேசியே அவர் தலையில் முடி கொட்டிவிட்டது என்று அக்கா சொல்வாள்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள, மாட்டிக்கிட்டான்டா! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

"நீங்க டீக்கடையில நாலு பேருகிட்ட சொன்னாப் போதும் மாமா."

"டீக்கடையா? மைக்கு போடணும்டா. மைக்குல சொல்லாத எதை நம்ம ஜனம் கேட்டிருக்கு?"

அவர் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம். கூலி உயர்வு, ரேஷன் கடை, ரோடு போடாதது, பக்கத்துத் தெருக்காரன் வரப்பை வெட்டியது, எதுவானாலும் கொடிக் கம்பத்தடியில் மைக் போட்டுப் பேசித்தான் தீர்ப்போம். மைக்கில் வராத விஷயம் நடக்காத விஷயம். இரண்டு நாளில் கூத்தாநல்லூரிலிருந்து சவுண்ட் செட் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெரு முழுக்கக் கூடிவிட்டது. நான் கடைசியில் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றேன்.

மாமாவின் திட்டம் எளிமையானது. நாவலிலிருந்து இரண்டு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். காரியக்காரர் சொன்ன கதை வரிக்கு வரி இதில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும், எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும்.

ஆனால் மாமா எதைப் படித்தாலும் அட்டையிலிருந்துதான் தொடங்குவார். மேடையில் பழகிய பழக்கம். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, என் கையில் இருப்பது அச்சடித்த புத்தகம்!" என்று தூக்கிக் காட்டினார். பதிப்பகத்தின் பெயரைப் படித்தார். விலையைப் படித்தார். அதே வேகத்தில், "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது!" என்று அதையும் முழங்கினார். மைக்கில் எக்கோ வைத்திருந்தார்கள். தழுவியது, தழுவியது என்று வயல் வரைக்கும் போய் வந்தது.

பிறகு கதையைப் படித்தார். மாமா இளவயதில் நாடகத்தில் நடித்தவர். கொஞ்ச நேரத்தில் அவர் எதற்காகப் படிக்கிறோம் என்பதை மறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நடவுப் பெண் பேசும் இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. பண்ணை பேசும் இடத்தில் கரகரத்தது. கதவில் கை விழும் இடத்தில் மைக்கை உள்ளங்கையால் தட்டினார். சத்தம் ஸ்பீக்கரில் இடி மாதிரி விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் வீறிட்டன. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இரண்டு பக்கம் என்றவர் ஒரு அத்தியாயத்தையே முடித்தார்.

"இத்தனையும் புளுகு! பித்தலாட்டம்! பேயென்றும் பிசாசென்றும் பேதைகளை ஏய்க்கும் பிழைப்பு!" என்று மாமா முடிக்கும்போது பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

"பாவம், அந்தப் புள்ளைக்கும் பயம்தான். அதான் புளுகு புளுகுன்னு கத்துது."

"இல்ல பெரியம்மா, அது கதைப் புத்தகம்" என்றேன்.

"புக்குல போட்டுட்டானா? அப்ப கவர்மெண்டுக்கே தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான்டா சொல்லல."

டீக்கடையில் தணிந்த குரலில் சொல்லப்பட்ட ஒரு வதந்தி, ஒரே சாயங்காலத்தில் அச்சிலும் ஏறி மைக்கிலும் ஏறிவிட்டது. அடுத்த நாள் காலை தெருவிலிருந்து முதல் ஆள் காரியக்காரரிடம் போய்க் கோரைப்பள்ளத்துக்குப் பெயர் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். காரியக்காரர் எல்லோரையும் உட்கார வைத்து மோர் கொடுத்தாராம்.

மாமா இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, நான் நல்லாத்தானேடா படிச்சேன்?"

"ரொம்ப நல்லாப் படிச்சீங்க மாமா."

"அதான்டா கெட்டுப்போச்சு" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா, "மெதுவா வாய்க்குள்ளயே படிக்கிறவன் என் தம்பி ஒருத்தன்தான். அவன்கிட்ட குடுத்திருந்தா ஒருத்தருக்கும் காது கேட்டிருக்காது, தெருவும் பொழச்சிருக்கும்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அவளும் பயந்திருந்தாள். கூட்டம் நடந்ததிலிருந்து அவள் திடல் பக்கமாகப் புல்லுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு மதகு வழியாகப் போனாள்.

அந்த நாவலை எழுதியவர் மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்று வரை அடக்க முடியவில்லை. அவர் எங்கோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருப்பார். முன்னுரையில், 'காவிரிக் கரை கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்டது' என்று எழுதியிருக்கிறார். எந்தப் பெரியவர், எந்த ஊர்? எங்கள் பக்கத்தில் கூலி கேட்டுச் செத்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெயர் உண்டு, பிள்ளைகள் உண்டு, வருஷாவருஷம் மாலை போடுகிறவர்கள் உண்டு. யாரும் மரத்தில் உட்காரவில்லை. செத்தவளைத் தலைவிரித்து மரத்தில் ஏற்றி, அவளுடைய சொந்தச் சனத்தையே கண்டு ஓட வைத்தது யார் செய்த வேலை? பண்ணைகூட அந்த அளவுக்குப் போகவில்லை.

அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மதியம், வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடும்போது அக்கா கேட்டாள்.

"ஒங்க மாமா பாதிதானே படிச்சாரு. மீதி என்னடா ஆவுது?"

சொன்னேன். ஒருவரிடம் மட்டும் என்றால் எனக்குப் பேச வரும். பேரன் வந்தது, பெண்டாட்டி மேல் பேய் இறங்கியது, ஆணி அடித்தது வரை சொன்னேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கடைசியில அவ கூலிய அளந்தானுங்களா?"

"இல்ல."

"அவளுக்குப் புருஷன், புள்ள?"

"அதெல்லாம் எழுதல."

"பேராச்சும்?"

"பேரும் போடல. அவள் அவள்னுதான் வரும்."

"ஆணி அடிச்சானே, அவனுக்கு என்ன குடுத்தாங்க?"

"தங்கக் காப்பு. அது மட்டும் எழுதியிருக்கு."

அக்கா பாத்திரத்தை வாய்க்காலில் கழுவி, தண்ணீரைச் சுழற்றி ஊற்றினாள்.

"கூலி கேட்டதுக்குக் கொன்னிருக்கானுவ. நானும்தான் கேட்டிருக்கேன். நம்ம ஆத்தா கேட்டிருக்கு. அவ நம்ம ஆளுடா. அவ எதுக்கு நம்ம கதவைத் தட்டுறா? அவளுக்கு வழி தெரியலயா, எழுதினவனுக்குத் தெரியலயா?"

"எழுதினவனுக்குத்தான்க்கா."

"அப்ப அவ அங்கயே இருக்கட்டும். பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்று எழுந்தாள்.

பேய் இல்லை என்று அவள் சொல்லவில்லை. இன்றும் சொல்வதில்லை. மாமா கரடியாகக் கத்தியும் வராத துணிச்சல், பேய் யார் பக்கம் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே மாமாவைக் கீற்று வாங்க அனுப்பினாள். மறுநாள் நாங்கள் மூவரும் திடலில் குடிசைக்குக் கால் ஊன்றினோம். இலுப்பை மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், பழம் விழுந்து வௌவால் தொல்லை என்று மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டோம்.

அக்கா ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். சிலர் வந்தார்கள். அவள் குடிசையில் நாலைந்து நாள் புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் வந்தார்கள். தெருவில் பாதிக்கும் குறைவு. மீதிப் பேர் கோரைப்பள்ளத்தில் கம்பு நட்டுவிட்டார்கள். "நீ தைரியசாலி புள்ள, எங்களுக்குக் கொழந்தைங்க இருக்கு" என்றார்கள்.

தாசில்தார் வந்த அன்று காரியக்காரரும் மொபெட்டில் வந்து நின்றார். தாசில்தார் சிறு வயதுப் பெண். ஒவ்வொரு குடிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காரியக்காரர் அக்காவிடம், "ஏம்மா, தனியா இங்க இருக்கறது ஒனக்குப் பயமா இல்ல?" என்று கேட்டார். தாசில்தார் காதில் விழ வேண்டும் என்றே கேட்டார்.

"யாரு தனியா இருக்கா? ஒங்க பெரிய ஐயா கூலி அளக்காம விட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க, அந்த அம்மாவும் எங்ககூடத்தான் இருக்கு. கூலி பாக்கி எப்ப வரும்னு கேட்டுச்சு. என்ன சொல்லட்டும்?"

"என்ன கூலி பாக்கி? எந்தப் பெரிய ஐயா?" என்று தாசில்தார் திரும்பினார்.

காரியக்காரர், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, கதை. புத்தகத்துல வர்ற கதை" என்றார். தெருக்காரர்கள் முன்னால் அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. கோரைப்பள்ளத்தில் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

திடலில் இருந்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. யாரும் வராத பாதித் திடலைக் கூட்டுறவுக் கிடங்குக்கு என்று எடுத்தார்கள். கிடங்கு வரவில்லை. இன்று அங்கே பண்ணையின் தென்னை நிற்கிறது.

நான் இப்போதும் படிக்கிறேன். வாசலோர அலமாரிதான். எடுத்ததும் முதல் நூறு பக்கத்தைப் புரட்டி யார் சாகிறார்கள் என்று பார்ப்பேன். பேய் எப்படி வருகிறது என்பதை விட, அது யாரை விட்டுவிடுகிறது என்று பார்ப்பேன். பாதிப் புத்தகங்களை அங்கேயே வைத்துவிடுவேன். நல்லதும் எப்போதாவது அகப்படுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த நாவல் மட்டும் பல பதிப்பு வந்துவிட்டது. யாரோ அதைக் குரலில் படித்துச் செல்போனிலும் போட்டிருக்கிறார்கள், மாமா அளவுக்கு இல்லை.

பட்டா கிடைத்த அந்த வருஷம் மழை கார்த்திகையில் பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் கோரைப்பள்ளம் முழுக்க ஒரே தண்ணீர். திடலிலிருந்து பார்த்தால் கூரைகள் மட்டும் தெரிந்தன. பாத்திரம் பண்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சனம் வரப்பில் வந்தது. அக்கா குடிசையைக் காலி செய்து பெரிய சட்டியில் கஞ்சி வைத்தாள். திடல் வரைக்கும் வந்தவர்கள் சரிவில் நின்றார்கள். இலுப்பை மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் ஏறி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்றார்கள். பள்ளிக்கூடம் அங்கிருந்து ஒன்றரை மைல், வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர். அவர்களில் அந்தப் பெரியம்மாவும் இருந்தாள். காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, ஒண்ணுமில்ல, மேல ஏறி வா! கஞ்சி இருக்கு!" என்று அக்கா கத்தினாள்.

"வேணாம்டி, நீ நல்லாரு" என்று கையை ஆட்டிவிட்டு அவள் தண்ணீருக்குள் இறங்கினாள்.

அக்கா மேட்டின் விளிம்பில் மழையில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டாள். சின்னம்மா, அத்தாச்சி, தம்பி, அண்ணே. அவர்கள் மதகைத் தாண்டி மறையும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.